வாசலில் உட்கார்ந்திருக்கும் தலையணை

ஆவணி, வியாழக்கிழமை இரவு.

காலையில் எதிர் குவாட்டர்ஸ் ஓரகத்தி கதவைத் தட்டினாள். அவள் மகன் ரிட்டயர் ஆகிவிட்டான். நாளைக்கு வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வடலூர் போகிறார்கள். சொல்லிக்கொள்ள வந்திருப்பாள். என் வீட்டுக்காரர் காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்து, சாம்பாரில் உப்பில்லை என்றவள். அன்று அவள் கட்டியிருந்த புடவைகூட ஞாபகம் இருக்கிறது. அதிலிருந்து பேச்சில்லை. பேத்தியிடம், "ஆயா இல்லன்னு சொல்லு" என்றேன். சொல்லிவிட்டாள். நாலு வயசு.

சாயங்காலம் அதையே விளையாடினாள். என் தலையணையை வாசற்படியில் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளேயிருந்து கத்தினாள்.

"யாரது? ஆயா இல்ல, போ!"

என் குரல், என் முகச்சுளிப்பு. மருமகள் அடுப்படியில் சிரித்தாள்.

பிறகு பிள்ளை வெளியே போய்த் தலையணை பக்கத்தில் உட்கார்ந்து, காலி டம்ளரை அதன்முன் வைத்தாள்.

"அழுவாத. டீ குடி. ஆயா உள்ளதான் ஒளிஞ்சிகினு இருக்குது."

முதலில் செய்தது என்னைப் பார்த்து. இதை யாரைப் பார்த்துச் செய்தாள்? இந்த வீட்டில் ஓரகத்திக்கு யாரும் டீ கொடுத்ததில்லையே.

சாம்பாரில் உப்பு இருந்தது. நானேதான் போட்டேன்.

தலையணை இன்னும் வாசலில்தான் இருக்கிறது, டம்ளரோடு. எடுக்க மனம் வரவில்லை. கழுத்து வலிக்கிறது. அவர்கள் சாமான் ஏற்ற லாரி விடியற்காலையிலேயே வந்துவிடுமோ என்னவோ.