கல்யாணப் பணமும் டைல்ஸ் கம்பெனி ஐந்தொகையும்

விருத்தாசலம்
12.3.1978

அன்பு மகன் முஸ்தபாவுக்கு அம்மா அமீர் நிஷா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் தங்கை சுல்தானாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் எட்டு நாளாக நிம்மதி இல்லை. துபாயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

சுல்தானா கல்யாணத்துக்கு நீ அனுப்பிய பத்தாயிரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம், பதறாதே, பணம் பேங்கில் பத்திரமாக இருக்கிறது. போன மாதம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து உன் அக்கா அஜீஸாவும் மாப்பிள்ளை ரசூலும் வந்தார்கள். மெட்ராஸில் ஒரு டைல்ஸ் கம்பெனி புதிதாகப் பங்கு விற்கிறதாம், விண்ணப்பத் தாளையும் கம்பெனியின் ஆண்டறிக்கையையும் மாப்பிள்ளை கையோடு கொண்டுவந்திருந்தார். "வட்டிதான் நமக்கு ஆகாது மாமி, இது பங்கு, லாபத்துல சேர்றது, ஒரே வருசத்துல ரெட்டிப்பாயிடும், கையெழுத்துப் போடுங்க" என்றார். எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன். ஆனாலும் நம் பீங்கான் கடையில் ஊறுகாய் ஜாடி வாங்குகிறவள்கூட விரலால் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறாள் என்று, பீங்கான் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதும் சக்கரபாணியிடம் அந்த ஆண்டறிக்கையைக் காட்டினேன். ஒன்று போதாது, சொத்தும் கடனும் காட்டுகிற ஐந்தொகை மூன்று வருடத்துக்கும் வேண்டும் என்றார், மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே வாங்கி அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்துச் சக்கரபாணி கடைக்கே வந்தார். "பாயம்மா, விற்பனை ஏறியிருக்குது, ஆனா வித்ததுக்குக் காசு வரல, வெளியில நிக்கிற பாக்கி மூணு மடங்காயிருக்குது. இந்த வருச லாபத்துல முக்காவாசி பழைய நெலத்த வித்த காசு, அடுத்த வருசம் எத விப்பாங்க? தொழில்ல சம்பாதிக்கிறது பேங்குக் கடன் வட்டிக்கே போவுதுங்க" என்றார். வட்டி வேண்டாம் என்று ஒதுங்கிப் போய் வட்டிக்கு உழைக்கிற கம்பெனியிலா சேருவது என்று நினைத்துக்கொண்டேன். விலை ஏறவே ஏறாதா என்று கேட்டேன். "ஏறினாலும் ஏறும், நான் ஜோசியக்காரன் இல்ல, ஆனா நோன்புக்கு முன்னாடி கல்யாணத்த வச்சிக்கிட்டு இந்தப் பணத்த அதுல போடாதீங்க" என்றார்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முதல் நாள் மாப்பிள்ளை அஜீஸாவோடு வந்தார். நான் இதைச் சொன்னதும், "கணக்கெழுதுற ஆளு ஒசத்தி, மருமவன் தாழ்த்தியா" என்று முகம் சிவந்துவிட்டார். அப்போது அஜீஸா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, தன் ஆறு பவுன் சங்கிலியை விற்று அவர் ஏற்கெனவே அதே கம்பெனியின் பழைய பங்கைச் சந்தையில் வாங்கிவிட்டதாகச் சொல்லி அழுதாள். அவள் வெறுங்கழுத்தை அப்போதுதான் கவனித்தேன். மாப்பிள்ளையின் கோபம் அவள்மேல் திரும்பக் கூடாதே என்று அவளுக்காகக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். போட்டிருந்தால் இரண்டு பெண்களின் பிழைப்பும் ஒரே கம்பெனியில் மாட்டியிருக்கும். உன் அத்தா போன பிறகு இந்த வீட்டில் உன் பேச்சுக்குத்தான் மதிப்பு, அதனால் முஸ்தபா வேண்டாம் என்று எழுதியிருக்கிறான் என்று பொய் சொல்லிவிட்டேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து அஜீஸா வரவில்லை, ஆள் அனுப்பியும் பதில் இல்லை.

நீ மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, எனக்கு வரும் உறைக்குள்ளேயே வைத்து அனுப்பு. வேண்டாம் என்றது நீதான் என்றே எழுது, கோபம் உன்மேல் இருந்துவிட்டுப் போகட்டும், நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய், அவள் அவரோடு வாழ வேண்டியவள். கையில் அந்தக் கம்பெனிப் பங்கு இருக்கிறவர்கள் விலை இருக்கும்போதே விற்றுவிடுவது நல்லது என்று பொதுவாக ஒரு வரி சேர்த்துக்கொள், சங்கிலி விஷயம் உனக்குத் தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. மறக்காமல், அந்தக் கடிதத்தில் தேதி போடாதே, நான் சொன்னபடி நீ முன்பே எழுதியதாக இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
அமீர் நிஷா