பீப்பாய் மேல் நின்றவன்

ஜூன் 9

நாகர்கோவிலில் தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறதாம். நான்கு வாரம் வாய் திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்கிறார்.

"என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டார். இரண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "கட்சி மேடைப் பேச்சாளர்" என்றேன், கடைசியாக ஒருமுறை பேசுகிற பெருமையோடு. டாக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். கூட வந்த மனைவி லீலாதான் சிரித்தாள். வடசேரி பஸ் ஸ்டாண்டு வந்து சேர்கிற வரைக்கும் சிரித்தாள்.

பேச முடியாதவன் எழுதித்தானே தீர வேண்டும். லீலா டீச்சரின் பள்ளிக்கூட நோட்டு ஒன்று கிடைத்தது. முதல் நான்கு பக்கம் ஆறாம் வகுப்பு மார்க்கு. ஐந்தாம் பக்கத்திலிருந்து நான்.

ஜூன் 10

மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. பேச்சும் இல்லை. இரண்டு உத்தியோகமும் ஒரே வாரத்தில் போச்சு.

ஜூன் 12

மகள் ஜெனிலா கத்தாரிலிருந்து வீடியோவில் வந்தாள். நான் கையை ஆட்டினேன். "இப்பதான் அப்பாவப் பாக்க நல்லா இருக்கு" என்றாள். பெற்ற பிள்ளை!

போன லீவில் டிவியில் ஏதேதோ இணைத்து வைத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு குதிரைக்காரத் தொடர் இருக்கிறதாம், அமெரிக்காக் கதை, எல்லாரும் தமிழில் பேசுவார்களாம். ஐம்பத்தெட்டு வயதில் கௌபாய் பார்ப்பதா என்று நினைத்தேன். ஒரே ஒரு பகுதி பார்ப்போம் என்று உட்கார்ந்து நான்கு பார்த்தேன்.

ஜூன் 13

ஒரு புழுதிப் பட்டணம். இரண்டு மாட்டுப் பண்ணைக்காரர்கள். ஒருவர் கர்னல், இன்னொருவர் வாலஸ். பட்டணத்தின் போலீஸ் தலைவரான ஷெரீப் யாரென்று பண்ணைக்காரர்கள் முடிவு செய்கிறார்கள், ஊர்க்காரர்கள் அதற்குப் பிறகு ஓட்டுப் போடுகிறார்கள். கர்னலின் ஆட்களுக்குப் பழுப்புத் தொப்பி, வாலஸின் ஆட்களுக்குக் கறுப்பு. தொப்பியைக் கழற்றிவிட்டால் யார் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கே தெரியாது.

எங்கள் பேரூராட்சியேதான்! மழையை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

கர்னல் வாயே திறப்பதில்லை. மூக்கைச் சொறிவார். அதற்கு மூன்று பேர் மூன்று அர்த்தம் சொல்லி அடித்துக்கொள்வார்கள். எங்கள் கட்சியின் மாவட்டத் தலைவர், நாங்கள் பெரியவர் என்று சொல்கிறவர், அவர் மாதிரியே. பார்த்தவுடன் எழுந்து நிற்கத் தோன்றியது, பழக்கதோஷம்.

கர்னலுக்கு வலது கையாக ஒருவன் இருக்கிறான். முகத்தில் தழும்பு, நேர்மையானவன், துப்பாக்கியை எடுத்தால் குறி தவறாது. "இது நான்தான்" என்று தாளில் எழுதி லீலாவிடம் காட்டினேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவியைப் பார்த்தாள். "நீங்க அதில்ல. அன்னா பீப்பாய்க்க மேல ஒருத்தன் நிக்கான்லா, அவனாக்கும்."

அந்த ஆளை நான் அதுவரை கவனிக்கவே இல்லை. கர்னல் வருவதற்கு முன்னால் சந்தையில் ஒரு பீப்பாய் மேல் ஏறி, துப்பாக்கியால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்து, கர்னல் புகழையும் வாலஸ் ஆட்களின் அயோக்கியத்தனத்தையும் கத்துவான். கூட்டம் சேரும். கர்னலின் குதிரை தெரிந்ததும் எவனாவது பீப்பாயை உதைப்பான்.

கோபத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குச் சாப்பிட்டேன். சாளை மீன் குழம்பு.

ஜூன் 14

பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பீப்பாய்க்காரனுக்குப் பெயர் இல்லை. "கத்துபவர்" என்று போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 17

சரி, உண்மையைத்தான் எழுதுவோமே. யார் பார்க்கப் போகிறார்கள்?

தலைவர் ஆறு மணிக்கு என்று நோட்டீஸ் போட்டால் எட்டரைக்கு வருவார். அந்த இரண்டரை மணி நேரம் என்னுடையது. கூட்டம் கலையாமல் பிடித்துவைக்க வேண்டும். நான் பிடித்துவைப்பது ராஜகுமாரைத் திட்டி. எதிர்க்கட்சியின் பேரூர்ச் செயலாளர் அவர். ஊர்க் குளத்தில் பாதியைத் தூர்த்து மனை போட்டு விற்றவர். பதினெட்டு வருஷமாக அந்தக் குளத்தை வைத்துத்தான் என் பிழைப்பு. கார் வெளிச்சம் தெரிந்ததும் எங்கள் செயலாளர் முத்துநாயகம் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுப்பார். ஒருமுறை "ஜனநா" வரைக்கும் சொல்லியிருந்தேன். மீதி "யகம்" வீட்டுக்கு வந்து லீலாவிடம் சொன்னேன்.

ஆனால் இந்தத் தடவை கதை வேறு. ஏழாம் வார்டு கவுன்சிலர் பதவியை விட்டுவிட்டு மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். இடைத்தேர்தல் வருகிறது. "இந்தத் தடவ ஏழாம் வார்டு அண்ணனுக்குத்தான்" என்று முத்துநாயகம் என் தோளில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவை, வாக்குச் சீட்டில் என் பெயர். அது போதும் எனக்கு. வெட்கமாக இருந்தாலும் எழுதிவிட்டேன், ஆசை உண்டு. நிறைய உண்டு.

ஜூன் 21

இன்றைய பகுதியில் மோர்கன் என்கிற கறுப்புத் தொப்பிக்காரன், கர்னலின் பண்ணையைக் கொளுத்தியவன், அதே கர்னலிடம் வந்து சேருகிறான். கர்னல் தன் கையாலேயே பழுப்புத் தொப்பி வைத்துவிடுகிறார். பண்ணை எரிந்தபோது அழுதவர்களே கைதட்டுகிறார்கள். சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. கதை எழுதியவர் கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டார்.

ஜூன் 22

அதிகமாகப் போகவில்லை.

முத்துநாயகம் வீட்டுக்கு வந்தார். ராஜகுமார் இருநூறு பேரோடு நம் கட்சியில் சேருகிறாராம். ஜூலை 12, தலைவர் வருகிறார். தோவாளைப் பூச்சந்தையில் ஆளுயர மாலைக்குச் சொல்லியாச்சு.

"வரவேற்புரை அண்ணன்தான். இத்தன வருசம் திட்டின வாயால புகழ்ந்தாத்தான் அதுக்கு ஒரு எடுப்பு உண்டு."

நான் தாளில் "ஏழாம் வார்டு?" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அண்ணனுக்குக் கட்சி இதவிடப் பெரிய எடமா வச்சிருக்கு. இது... ராஜகுமாருக்குச் சொல்லியாச்சு. பெரியவருக்க முடிவு."

எவன்கிட்டயோ போய் பெரிய இடம் கேட்டேனா நான்? ஒரு வார்டு. எண்ணூத்திச் சொச்சம் ஓட்டு. அதையும் குளத்த முழுங்கினவனுக்குக் குடுத்துட்டு, அவன வரவேற்கதுக்கு நான் வேணுமா? என்னய ஒரு மனுசன்னு நெனச்சிருக்கானுவளா? அவர் போன பிறகு கதவை அறைந்து சாத்தினேன். அவ்வளவுதான் முடிந்தது. சத்தம் போட முடியாதவனுக்குக் கதவுதான் வாய்.

ஜூன் 23

காலையிலேயே டிவியைப் போட்டேன். ஒன்று தெரிய வேண்டும். மூன்று பகுதிக்கு முன்னால் மோர்கனைக் கொலைகாரன் என்று கத்திய பீப்பாய்க்காரன், இப்போது என்ன செய்கிறான்?

மோர்கனை வரவேற்றுக் கத்துகிறான். அதே குரல், அதே வெடி. ஆனால் காமிரா அவன் முகத்தைக் காட்டவில்லை. பீப்பாய் மேல் இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிகிறது. நான்கு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். முகமே இல்லை.

ஜூலை 7

டாக்டர் பார்த்தார். முடிச்சு வற்றிவிட்டது, மெதுவாகப் பேசலாம், கத்தக் கூடாது என்றார்.

வழியில் முத்துநாயகத்தைப் பார்த்தேன். "இன்னும் ஒரு மாசம் பேசக் கூடாது" என்று எழுதிக் காட்டினேன். லீலா பக்கத்தில் நின்று படித்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "போகாண்டாம்னா போகாதிங்க. அதுக்கு எதுக்கு தொண்டைக்க மேல பழியப் போடணும்?"

முப்பது வருஷம் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். எவன் வயிற்று வலி பொய் என்று பார்த்ததும் தெரியும்.

ஜூலை 9

முடிவு செய்துவிட்டேன். போகிறேன். மைக் என் கைக்கு வரும். வரவேற்புரைக்குப் பதில் குளத்தைப் பேசுவேன். ராஜகுமார் முகத்துக்கு நேரே, தலைவர் காது கேட்க. சட்டையைப் பிடித்து இழுத்தால் சட்டை கிழியட்டும்.

முத்துநாயகத்திடம் தொண்டை சரியாகிவிட்டது என்று சொல்லியனுப்பினேன். இயேசு குணமாக்கினார் என்று சபையில் சொல்லிவிடப் போகிறார்.

ஜூலை 10

தோட்டத்தில் போய்ப் பேசிப் பழகினேன். மழை இரைச்சல், அதைத் தாண்டிக் கத்த வேண்டியிருந்தது. முன்னூறு ரப்பர் மரம் கேட்டது. ஒரு மரமும் கலையவில்லை.

ஜூலை 11

இன்றும். இரண்டு மணி நேரம். பிரமாதம்! தொண்டையில் லேசாக எரிச்சல்.

ஜூலை 13

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

மேடை நிறைந்திருந்தது. தலைவர் ஆச்சரியமாக ஏழு மணிக்கே வந்துவிட்டார். ராஜகுமார் புதுத் துண்டோடு மூன்றாவது நாற்காலியில். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். கூட்டத்தைப் பார்த்தேன். ராஜகுமாரைப் பார்த்தேன். வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து "அன்பார்ந்த" என்று தொடங்கினேன்.

"அ" வந்தது. பிறகு காற்று.

மறுபடி முயன்றேன். காற்றுதான். ரப்பர் மரங்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்திருக்கிறேன். இன்னும் அழுத்திப் பார்த்தேன், தொண்டையைக் கத்தியால் கீறியது போல் வலித்துக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கூட்டம் அப்படியே அமைதியானது. பதினெட்டு வருஷத்தில் நான் பேசும்போது அப்படி ஒரு அமைதி வந்ததே இல்லை.

முத்துநாயகம் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். "பாருங்க! அண்ணன் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க! பேச்சு வரல்ல! ராஜகுமார் வந்த சந்தோசத்துல அழுகாங்க!"

விசில், கைதட்டல், வெடி. தலைவர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் என்னைத் தொட்டது இதுதான் முதல் தடவை. தொட்ட கையோடு என்னை ராஜகுமார் மேல் தள்ளினார். ராஜகுமாரும் கட்டிப்பிடித்தார். போட்டோ எடுத்தார்கள்.

காலைப் பேப்பரில் எட்டாம் பக்கம். "கண்ணீர் மல்க வரவேற்றார் குமாரதாஸ்." ஜெனிலாவுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அவள் எனக்கு அனுப்பியிருக்கிறாள், மூன்று இதயம் போட்டு.

முகத்தைக் காட்டிவிட்டார்கள். பூட்ஸ் மட்டும் தெரிந்திருந்தால் தேவலை.

ஜூலை 14

ராஜகுமார் மட்டி வாழைப்பழக் குலையோடு வந்தார். லீலா டீ போட்டாள், பிரியத்தில் அல்ல, மரியாதைக்காக.

டீயை ஊதிக் குடித்துவிட்டுக் கேட்டார். "அண்ணே, நீங்க என்னத் திட்டத்தானே வந்திய?"

நான் குலையை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"மூச்சு இழுத்த இழுப்பிலயே தெரிஞ்சுது. அந்த மூச்சு எனக்குத் தெரியாதா? எதிர்த்த கடையில இருந்து ஒரு கூட்டம் விடாம கேட்டவன்லா நான். உங்க ஆளுவ யாரும் அப்பிடிக் கேட்டிருக்கமாட்டாவ."

தாளை எடுத்துக் "குளம்?" என்று எழுதி நீட்டினேன்.

அவர் அதை வாங்கிப் படித்தார். "அது நீங்க சொன்னது நெசந்தான் அண்ணே" என்றார். ஒரு பழத்தை உரித்துத் தின்றார். போய்விட்டார்.

எனக்கு ஏனோ அவர் மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. பதினெட்டு வருஷம் கத்தினேன், ஒரு மனுப் போட்டேனா குளத்துக்கு?

ஜூலை 15

எதிர்க்கட்சியின் புதுச் செயலாளர் அனில்குமார் வந்தார். "அண்ணே, நம்ம மேடைக்கு வாங்க. ராஜகுமாரப் பத்தி பேசினத அப்பிடியே பேசுங்க, ஒரு வார்த்தை மாத்தாண்டாம். துண்டு மட்டும் மாத்தினா மதி, அது போதும்."

தொண்டையைக் காட்டினேன்.

"அதுக்கென்ன, பழைய ரெக்கார்டிங் எங்ககிட்ட உண்டு. போட்டுக்கிடலாமா?"

ஜூலை 18

மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். லீலா படிவத்தை நிரப்பி வைத்திருந்தாள், அழகான கையெழுத்தில். "நீங்க ஒப்பு மட்டும் இடுங்க" என்றாள். சுயேச்சை. சின்னத்துக்கு வாளி கேட்டிருக்கிறோம். கட்சி அட்டையை முத்துநாயகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டது ஆசையிலா பயத்திலா தெரியவில்லை.

ஜூலை 29

உலகத்தில் எந்த வேட்பாளருக்கும் இந்தக் கதி வந்திருக்காது. தெருமுக்கில் ராஜகுமாரின் விளம்பரத் தட்டியில் நான் அழுதுகொண்டு அவரைக் கட்டிப்பிடித்திருக்கிறேன். தெருவில் அனில்குமாரின் ஆட்டோவில் என் குரல் ராஜகுமாரைத் திட்டிக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் நடுவில் நான் வாளிப் படம் போட்ட நோட்டீசோடு ஊமையாக நிற்கிறேன்.

வீடு வீடாகப் போகிறோம். நான் பேச முடியாததால் அவர்கள் பேசுகிறார்கள். கீழத்தெருவில் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. பதினெட்டு வருஷமாக அந்தத் தெருமுனையில் மேடை போட்டிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. குறித்துக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பு மார்க்குக்குப் பின்பக்கம்.

ஆகஸ்ட் 6

கடைசிப் பகுதியும் முடிந்தது. மோர்கன் ஷெரீப் ஆகிவிட்டான். பீப்பாய்க்காரன் ஆளையே காணோம். எங்கே போனான் என்று யாரும் கேட்கவும் இல்லை. லீலா மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 13

நேற்று எண்ணினார்கள். ராஜகுமார் 406. அனில்குமாரின் ஆள் 379. நான் 61.

முத்துநாயகம் போன் பண்ணினார்: எங்க ஓட்டுல அறுபத்தொண்ணப் பிரிச்சிட்டிய. அனில்குமாரும் போன் பண்ணினார்: எங்க ஓட்டுல அறுபத்தொண்ணப் பிரிச்சிட்டிய, இல்லன்னா ஜெயிச்சிருப்போம்.

எனக்கும் லீலாவுக்கும் இரண்டு. மீதி ஐம்பத்தொன்பது பேர் யாரென்று எனக்குத் தெரியாது. என் ஒரு வார்த்தையும் கேட்காமல் எனக்குப் போட்டவர்கள். இரவெல்லாம் முகம் முகமாக யோசித்துப் பார்த்தேன், பதினொன்றுக்கு மேல் போகவில்லை.

காலையில் பால் வாங்கப் போனேன். எதிரே வந்தவர் இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ என்று, கண்ணில் பட்ட எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே போனேன். பால் வாங்கி வர ஒன்றரை மணி நேரம் ஆனது.