மிக்கேலம்மாளின் ஞானமகள்

என் அன்பு மைனிக்கு,

நீங்கள் போன இடத்துக்குத் தபால் உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வீட்டில் யாருக்கு எந்தக் காகிதம் போட வேண்டியிருந்தாலும் “கொழுந்தப்புள்ளய எழுதச் சொல்லுங்க” என்று என் தலையில் கட்டியவர் நீங்கள்தானே. உங்களுக்கும் நான்தான் எழுதியாக வேண்டும்.

முதலில் நல்ல சேதி. நம் ஸ்டெல்லாவுக்குப் போன மாதம் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்குக் காட்கோபரில் லேத் வேலை. பேசவே மாட்டான். அதனால் என்ன, உங்கள் மகள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். அண்ணன் தோல் ஷாப்புக்கு நான்கு நாள் லீவு போட்டுவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். அவர் உங்களைத் தேடுகிறார் என்று தெரிந்ததால் யாரும் திருப்பிப் பேசவில்லை.

நிச்சயம் பேச வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்கள். “பிள்ளைக்குத் தாய்மாமன் எங்க இருக்காவ? கைப்பிடிச்சிக் கோயிலுக்குக் கூட்டிட்டு வரணும்லா?” அண்ணன் கூரையைப் பார்த்தார். தடுப்புக்குப் பின்னால் காபி ஆற்றிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் கை நின்றுவிட்டது. பிறகு என்னிடம் வந்து, “சித்தப்பா, அம்மாவுக்கு நெஜமாவே ஒருத்தரும் இல்லையா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல இந்த முறை எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் முதல் முறை சொன்னதும் நான்தான்.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மைனி, அதாவது என் அண்ணனின் மனைவி, ஐந்து வயதில் தாய் தகப்பனோடும் அண்ணனோடும் தாராவிக்கு வந்தவர். வந்த வருஷமே காய்ச்சலில் பெற்றோர் இருவரும் போய்விட்டார்கள். அண்ணனை யாரோ ஊர்க்காரர் தன்னோடு கூட்டிப் போனார். பெண்பிள்ளையைப் பக்கத்து வீட்டு அம்மா வளர்த்தார். அண்ணன் பெயர் துரை, தன் பெயர் தங்கம், ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு உப்பளத்து ஊர். மைனிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தகப்பன் பெயரைக் கேட்டால், “அப்பாவுக்கு என்ன பேரு, அப்பாதான்” என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். “கொழுந்தப்புள்ள, எங்க ஊர்க் கோயில் சாமியாருக்கு ஒரு லெட்டர் போடுங்களேன். ஞானஸ்நானப் புஸ்தகத்துல எங்க பேரு இருக்கும்லா? எங்க அண்ணன் எங்கன்னு ஒரு துப்பாவது கிடைக்கும்.” நானும் பெரிய மனுஷனாக மாட்டுங்கா ஆபீஸ் டைப்ரைட்டரிலேயே அடித்து அனுப்பினேன். துரை, தங்கம் என்ற அண்ணன் தங்கையைப் பற்றித் தெரிவிக்கவும் என்று. அப்படி யாருக்கும் இங்கே ஞானஸ்நானம் நடக்கவில்லை என்று பதில் வந்தது. இன்னொரு தடவையும் போட்டேன். அதே பதில்.

அந்தக் காகிதத்தை மடித்துக்கொண்டே, “உங்களுக்கு அங்க யாரும் இல்ல மைனி. விடுங்க, நாங்க இருக்கோம்லா” என்றேன். ஆறுதல் சொன்னதாக எனக்கு நினைப்பு. நீங்கள் எழுந்து போய்ப் பானையில் அரிசி போட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

அறுபத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு மராத்தி வாத்தியார் வந்தாரே, நினைவிருக்கிறதா? எங்கே பிறந்தாய் என்று அவர் கேட்டதற்கு, “தாராவி லிகோ மாஸ்டர், தூஸ்ரா கிதர்?” என்றீர்கள். தாராவி என்றே எழுதிக்கொள், எனக்கு வேறு எங்கே என்று ஒரு சிரிப்பு வேறு. பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்டெல்லா கேட்ட மறுவாரம் ஒரு நாள் லீவு போட்டுக் கோட்டைப் பக்கம் சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். முப்பத்தொன்றாம் வருஷக் கணக்கெடுப்பில் நீங்கள் நால்வரும் தாராவியில் இருந்திருப்பீர்கள், அதில் உங்கள் அப்பா பெயர் இருக்கும் என்று என் கணக்கு. குமாஸ்தா ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டினார். இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை பேர் வெளியூரில் பிறந்தவர்கள். பெயர் எழுதிய சீட்டெல்லாம் எண்ணி முடித்ததோடு சரியாம். அந்தப் பக்கத்தில் நீங்களும் ஒரு எண்ணிக்கைக்குள் இருந்தீர்கள் மைனி. எந்த எண்ணிக்கை என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எனக்கு நல்ல பூதம் புறப்பட்டது, அதுவும் என் வீட்டுக்குள்ளிருந்தே. ஜூன் மாதம் நம் குட்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என் பெண்டாட்டி லூர்து போனாள். அரை மணியில் எனக்கு ஆபீசுக்குப் போன். ஓடிப் போய்ப் பார்த்தால், தலைமையாசிரியை பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை பெயர் என்ன என்று கேட்டால் லூர்து, “எங்க அத்தை பேருதான் டீச்சர்” என்று மட்டும் சொல்கிறாள். அத்தை பெயர் என்ன என்றால் தலையைக் குனிந்துகொள்கிறாள். மாமியார் பெயரைச் சொன்னால் நாக்கு வெந்துபோகுமா? கடைசியில் குட்டியிடமே கேட்டிருக்கிறார்கள். அதுவும் ஜம்பமாக, “குட்டி” என்றது.

சவேரியம்மாள் என்று நான் சொல்லி எழுதினார்கள். வெளியே வந்து லூர்தைத் திட்ட வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், மூத்த மகளுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர். நம் வழக்கம் அதுதானே? மருமகள் அந்தப் பெயர்களை வாயால் சொல்ல மாட்டாள். பெற்ற பிள்ளையைக் கூப்பிட வேறு ஒன்று வேண்டுமே. உங்கள் அம்மாவும் ஒரு வீட்டின் மருமகள்தான். துரையும் தங்கமும் அவர் வாய்க்கு வந்த பெயர்கள். சாமியார் புத்தகத்தில் அவை எப்படி இருக்கும்? என் வீட்டில் தினமும் நடப்பது எனக்கு உறைக்கப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது. எனக்கு எழுத்தர் உத்தியோகம் கொடுத்தவனை உதைக்க வேண்டும்.

சரி, அந்தப் பெயர்கள் இல்லையென்றால் எதை வைத்துத் தேடுவது? என் அண்ணன்தான் சொன்னார், “அவ ஞானத்தாய் பேரு ஒண்ணு சொல்லிச் சிரிப்பாளே.” ஆமாம்! “எங்க ஞானம்மா மிக்கேலம்மா கையால ஒரு அறை வாங்கினா மூணு நாளைக்குக் காது கேக்காது. அவகிட்டச் சொல்லிருவேன்னுதான் எங்க அம்மா பயங்காட்டுவா.” இதை நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள். நாங்களும் நூறு தடவை சிரித்திருக்கிறோம். ஞானஸ்நானப் புத்தகத்தில் பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் ஞானத்தாய் பெயரும் எழுதுவார்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மிக்கேலம்மாள் உங்கள் அம்மாவுக்கு மாமியார் இல்லை. அவர் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம்.

மூன்றாவது கடிதம் எழுதினேன். உங்கள் வயதையும் குறிப்பிட்டு, ஞானத்தாய் மிக்கேலம்மாள் என்று எங்கே இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள் என்று. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மைனி, உங்கள் பெயர் ரோசம்மாள். அப்பா பெயர் சூசை, அம்மா அன்னம்மாள். அதே பெற்றோருக்கு நாலு வருஷம் முன்னால் ஒரு மகன், அந்தோணிமுத்து. அவர் பெயருக்கு எதிரே ஓரத்தில் பின்னால் வந்த சாமியார் ஒருவர் ஒரு வரி எழுதியிருக்கிறார். கல்யாணம் நடந்தால், ஞானஸ்நானம் நடந்த கோயிலுக்குத் தகவல் அனுப்பிக் குறித்துவைப்பது வழக்கம். அந்த வரி இதுதான்: திருமணம், பம்பாய், பாண்டுப்.

பாண்டுப்! தாராவிக்குப் பக்கத்துச் சயானில் ரயில் ஏறினால் எத்தனை ஸ்டேஷன்? இத்தனை வருஷமாக ஒரே ரயில் பாதையில் இருந்திருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு நான் ஆபீஸ் கக்கூசுக்குப் போய் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாண்டுப் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து அங்குள்ள உபதேசியார் அந்தோணிமுத்துவின் வீட்டைக் காட்டினார். வாசலில் ஒருவர் முண்டா பனியனோடு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தபோது உங்கள் நெற்றி. “அந்தோணிமுத்து அண்ணாச்சிங்களா? உங்களை வீட்டுல துரைன்னு கூப்பிடுவாவளா?” என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தார். “அப்படிக் கூப்பிட இந்த ஊர்ல ஒரே ஒருத்திதான் உண்டு. தங்கம் எங்க இருக்கா?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று ரயிலில் யோசித்துக்கொண்டேதான் வந்தேன். ஒன்றும் உதவவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

“எப்ப?”

“மூணு வருசம் ஆச்சு அண்ணாச்சி.”

மீனைச் சட்டியில் போட்டு மூடினார். பிறகு சொன்னார். இருபது வயதில் உங்களைத் தேடித்தான் மறுபடி பம்பாய்க்கு வந்தாராம். “தோல் கிட்டங்கி தோல் கிட்டங்கியா அலைஞ்சேன் தம்பி. தங்கம் தங்கம்னு கேட்டா, தாராவியில தெருவுக்கு நாலு தங்கம். ஒருத்தி செருப்பத் தூக்கிட்டா. ஞானஸ்நானப் பேரு தெரிஞ்சாலாவது கோயில்ல கேக்கலாம். எங்கம்மா அதை ஒரு நாளும் சொன்னதில்ல.” சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் செய்த தப்பையேதான் அவரும் செய்திருக்கிறார்.

நாங்கள் இரண்டு பேரும் நீங்கள் இருக்கும்போதே கொஞ்சம் யோசித்திருந்தால்? யோசிக்கவில்லை. உங்களுக்கு யாரும் இல்லை என்று சொன்ன வாய் என்னுடையது. மன்னித்துவிடுங்கள் மைனி. நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று தெரியும். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

கல்யாணத்தன்று அவர் மருமகளுக்குப் பட்டுச்சேலையும் மாலையும் கொண்டு வந்தார். ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துச் சந்துக்குள்ளிருந்து கோயிலுக்கு நடத்திப் போனார். பேண்டுக்காரர்கள் முந்திப் போய்விட்டார்கள், சாமியார் வாசலில் கடிகாரத்தைப் பார்க்கிறார், மாமனும் மருமகளும் அன்னநடை நடக்கிறார்கள். நான் பின்னால் போய், “அண்ணாச்சி, பூசைக்கு நேரமாயிட்டு” என்றேன். அவர் திரும்பவே இல்லை. “சும்மா இரும்வே. அவ அம்மை எப்படிப் பேசுவா, எப்படிச் சிரிப்பா, என்ன கறி வைப்பான்னு இப்பத்தான் சொல்லிக்கிட்டு வாரா” என்றார். உங்கள் மகள் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே நடந்தாள். பூசை இருபது நிமிஷம் தாமதம்.

அடுத்த மாதம் கல்லறைத் திருநாள். அன்றைக்கு அவரை உங்களிடம் கூட்டி வருகிறேன். மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு நான் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வேன். கொழுந்தன் வாயை மூடிக்கொண்டு நிற்கவாவது என்று சிரிக்காதீர்கள், சத்தியமாக நிற்பேன். உங்கள் அண்ணன் பேசி முடித்து வருகிறவரை, எவ்வளவு நேரமானாலும்.

இப்படிக்கு,
மூன்றாவது கடிதத்தை முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய
உங்கள் கொழுந்தன்,
மரியதாஸ்