இரண்டாவது பிரேக்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிட வேண்டாம். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுப் போனை எடுப்பதும் அண்ணன், எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுவதும் அண்ணன். இது அவர் காதில் விழ வேண்டிய விஷயம் இல்லை. தபாலைப் பிரிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

டிரைவிங் ஸ்கூல் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கார், இருபத்திரண்டு பேர் படிக்கிறார்கள். வெள்ளைக் காருக்குப் புது கிளச் போட்டேன். இவர் மில்லில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறார். மகள் ஹாஸ்டலிலிருந்து துணி துவைக்க மட்டும் வீட்டுக்கு வருகிறாள். இரண்டு வாரமாகக் காலம் தப்பிய மழை. வைப்பர் எதிரே உட்கார்ந்தே பொழுது போகிறது.

ஒரு சின்ன விஷயம். அம்மாவுக்கு மாதவிலக்கு எந்த வயதில் நின்றது? ஒரு படிவத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அந்த வருஷங்களில் நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தது நீங்கள்தான். பெற்ற அம்மாவைப் பற்றி அண்ணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. அவசரம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு நாத்தனார்


மார்ச் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதத்தை உன் அண்ணன் வாங்கி மேசையில் வைத்து, மேலே செய்தித்தாளைப் போட்டுவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது.

உன் அம்மாவுக்கு நாற்பத்தொன்பதில் நின்றது. வாஷிங் மெஷின் வாங்கிய வருஷம், அதனால் நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் மூன்று வருஷம் பாடாய்ப் பட்டார். வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கிவிடுவார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மாட்டார், கழன்று விழுந்துவிடுமாம். உன் அப்பா அவருக்குப் ‘பூட்டு இன்ஸ்பெக்டர்’ என்று பெயர் வைத்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். படிவத்தில் இதற்கும் இடம் இருந்தால் எழுது.

உன் கடிதத்தில் பாதி மழையும் கிளச்சும். நீ வானிலை எழுதுகிற ஆள் இல்லை. உன் மகளிடம் எந்த டாக்டரும் இந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை, ஆகவே படிவம் உனக்குத்தான். என்ன செய்கிறது? கடையில் சீருடை தைக்கிற சமயம், கழுத்து வரைக்கும் வேலை கிடக்கிறது. இருந்தாலும் பதில் போடுவேன்.

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடம் மறைத்துப் பயன் இல்லை. துணிக்கு அளவெடுக்கிற கண் உங்களுக்கு.

போன வருஷம் ஆரம்பித்தது. இரண்டு மாதம் ஒன்றும் இருக்காது, அடுத்த மாதம் இரண்டு தடவை வரும். அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு நெஞ்சு திடீர் திடீரென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. காது சூடாகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. காரணம் ஒன்றும் இருக்காது, பல் தேய்த்துக்கொண்டு நிற்பேன். தூக்கமும் கெட்டுவிட்டது. இதயம்தான் என்று முடிவு செய்து ஒரு டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, “இதயம் நல்லாத்தாம்மா இருக்கு, டென்ஷனக் கொறைங்க” என்றார். அதை எங்கே பிடித்துக் குறைப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகளிர் டாக்டரைப் பார்க்கச் சொன்னது மருந்துக்கடைக்காரி. ஏப்ரல் இரண்டாம் தேதி வரச் சொல்லி, அதற்குள் நிரப்பும்படி ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்டது அதற்குத்தான்.

இவ்வளவு என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கற்றுக்கொடுக்கிற காரில் நம் பக்கத்திலும் ஒரு பிரேக் இருப்பது உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் அவசரம் என்று நான் அதை மிதித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த வருஷம் தினமும் மிதிக்கிறேன். தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தால் மிதிக்கிறேன். நிழலுக்கு மிதிக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு நர்ஸ் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். பதினேழாவது வகுப்பு, நிதானமான கை. மேம்பாலத்தின் மேலே போகும்போது கார் பக்கச்சுவரை உடைத்துக்கொண்டு விழப் போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. முழு பலத்தோடு மிதித்துவிட்டேன். முன்னால் ஒன்றுமே இல்லை அண்ணி. பின்னால் வந்த வேன் இடித்தது. யாருக்கும் அடி இல்லை, பம்பர்தான் போயிற்று. வேன்காரர் இறங்கி வந்து அவளைத் திட்டினார். அவள் “ஸாரி சார், ஸாரி சார்” என்று அழுதாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மிதித்தது நான் என்று சொல்லவில்லை.

அதோடு விட்டேனா? வகுப்புக்கு ஒரு கட்டம் என்று குறிக்கிற அவளுடைய மாணவர் அட்டையில், பதினேழாவது கட்டத்தில், ‘கவனம் போதாது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.

இன்னொரு ஸ்கூல்காரர் இரண்டு காரையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஸ்கூலே இல்லை என்றால் டாக்டரும் தேவையில்லை, படிவமும் தேவையில்லை. வீட்டில் இவரிடம் முட்டிவலிதான் காரணம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மாவின் பூட்டு விஷயத்தை எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

தங்கள்,
நாத்தனார்


மார்ச் 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

இத்தோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன். உன்னிடம் நான் கார் கற்றுக்கொள்ள வந்தபோது போட்ட அட்டைதான், ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. ஆறாவது கட்டத்தைப் பார். ‘கவனம் போதாது. முயற்சி இல்லை.’ கையெழுத்து உன்னுடையது. நாங்கள் வீடு மாறியபோது எத்தனையோ சாமான்களை வீசினேன். இதை வீச மனம் வரவில்லை. கோபத்தில்தான் வைத்திருந்தேன், வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை.

அன்றைக்குச் சிக்னலில் காரை நிறுத்திவிட்டு, சாவியை உன் மடியில் போட்டுவிட்டு இறங்கி நடந்தேனே, நினைவிருக்கிறதா? பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு இறங்கினேன் என்றுதான் இன்றுவரை எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்போது மூச்சு வரவில்லை. அந்தக் காருக்குள் இன்னும் ஒரு நிமிஷம் இருந்தால் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. இப்போது உனக்கு என்ன வயது?

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நீ சொன்னாய்: “அண்ணிக்கு ஸ்டியரிங்கவிடக் கரண்டிதான் கைக்கு அடங்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். உன் அண்ணன் தண்ணீர் புரையேறச் சிரித்தார். ஏன் இறங்கினாய் என்று ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை. உன் அம்மாவைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான், அதனால் யாரிடமும் நியாயம் கேட்க வாய் வரவில்லை.

நான் டாக்டரிடம் போகவில்லை. நாலு வருஷத்தில் தானாகப் போயிற்று. எனக்குப் போனதால் உனக்கும் போய்விடும், பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்லமாட்டேன். அந்த நாலு வருஷத்தில் நான் கடைக்கு மட்டும்தான் போனேன், வீட்டுக்கு மட்டும்தான் வந்தேன். என் தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று அதற்குப் பெயர் வைக்காதே.

ஆகவே கேட்டுக்கொள். சாவியைக் கொடுக்காதே. இரண்டாம் தேதி டாக்டரிடம் போ. எந்த நாள் வந்தது, எந்த நாள் படபடத்தது, எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று இன்றிலிருந்தே குறித்து வை, அங்கே போய் வாய் குழறாமல் இருக்கும். அதற்கு முன்னால் அந்த நர்ஸ் பெண்ணிடம் உண்மையைச் சொல். உன் வீட்டுக்காரரிடமும் சொல், முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடப் போகிறார்.

என்னிடம் கடிதத்தில் மன்னிப்புக் கேட்காதே. எனக்குப் பிடிக்காது.

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்கவில்லை. ஆனால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் நர்ஸ் பெண்ணைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில், அவள் டூட்டி முடிந்து வரும்போது பிடித்தேன். பிரேக்கை மிதித்தது நான்தான் என்றேன்.

“ஒன்றரை மாசமா என் தப்புன்னு நெனச்சிட்டிருக்கேன் மேடம். வண்டியத் தொடவே பயமா இருந்துச்சு. இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கணும்.”

“எனக்குக் கோவமா வருது.”

“வரட்டும்.”

கோபித்துக்கொண்டு பத்தடி போனாள். திரும்பி வந்து, “புது அட்டை போட்டுக் குடுங்க. பழசுல ஓட்டமாட்டேன்” என்றாள்.

பிறகு டாக்டர். என்னைவிடச் சின்னவர், பேச்சு வேகம். நீங்கள் சொன்னபடி குறித்துக்கொண்டுதான் போனேன், மாணவர் அட்டை ஒன்றிலேயே. கியர், கண்ணாடி, திருப்பம் என்று இருந்த தலைப்புகளை அடித்துவிட்டு, தூக்கம், படபடப்பு, மாதவிலக்கு என்று எழுதியிருந்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “எல்லாரும் இப்படிக் கொண்டுவந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்” என்றார். அம்மாவின் பூட்டுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

இதற்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர். நிற்பதற்கு முந்தைய வருஷங்கள். “ஹார்மோன் ஒரே சீராக் கொறையாது, ஏறி ஏறி எறங்கும். சிலருக்கு ஒடம்பு சூடாகும். சிலருக்குப் பதட்டம்தான் மொதல்ல வரும். நீங்க கோழை ஆயிட்டீங்கன்னு அர்த்தம் இல்ல” என்றார். அங்கேதான் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகிறவர்களுக்கென்றே மேசையில் டிஷ்யூ பெட்டி வைத்திருக்கிறார்கள், ஆக நான் முதல் ஆள் இல்லை.

தைராய்டுக்கும் இரத்தசோகைக்கும் இரத்தம் எடுத்தார்கள், அவற்றாலும் இப்படி ஆகலாமாம். தைராய்டு சரியாக இருக்கிறது, இரும்புச்சத்து குறைவு, அதற்கு மாத்திரை. மார்பில் கட்டி, இரத்தம் உறைதல் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, எனக்கு ஹார்மோன் சிகிச்சை கொடுக்கலாம் என்றார். தோலில் ஒட்டிக்கொள்கிற பட்டை ஒன்று, அதோடு ஒரு மாத்திரை. வாரம் ஒரு நாள் கவுன்சலிங். எனக்கு உடனே சரியாகிவிட வேண்டும், அவரோ இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார். அதுவரை ரோட்டில் சொல்லிக்கொடுக்கக் கூடாது. ரோட்டை என்னிடம் வேலை செய்கிற ஜூனியர் பார்த்துக்கொள்கிறான். நான் அறைக்குள் சாலை விதிகளை நடத்துகிறேன், கரும்பலகையில் பிரேக் இல்லை.

கார் கேட்ட ஸ்கூல்காரரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். இவரிடமும் சொன்னேன். “அப்ப முட்டி?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். தைலத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

தங்கள்,
நாத்தனார்


ஜூன் 5

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு மாதமாக நீங்கள் எழுதவில்லை. சீருடை வேலை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

பூரணமாகக் குணமாகிவிட்டது என்று எழுத ஆசை. பொய்யாகிவிடும். மூன்று வாரமாகத் தூங்குகிறேன். படபடப்பு வருகிறது, ஆனால் வந்தால் போகிறது. வரும்போது கவுன்சலிங்கில் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை எண்ணி எண்ணி விடுகிறேன். ஆரம்பத்தில் அது எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது, இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் சரி என்றதும் போன வாரம் காருக்குத் திரும்பினேன். நர்ஸ் பெண்தான் ஓட்டினாள். மேம்பாலம் ஏறினோம். இந்த வாரத்தில் இரண்டு தடவை மிதித்தேன். ஒன்று நாய்க்காக, இன்னொன்று எனக்காக. இரண்டாவதற்கு உடனே “அது நான்” என்று சொல்லிவிட்டேன். “தெரியும் மேடம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கியர் போட்டாள்.

உங்கள் அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். ஆறாவது கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் இன்றைய தேதி போட்டு எழுதியிருக்கிறேன்: ‘மாணவிக்கு உடம்பு சரியில்லை. ஆசிரியை கேட்கவில்லை.’ இது மன்னிப்புக் கடிதம் இல்லை, திருத்தம். தப்பாக எழுதியதைத் திருத்துவது ஆசிரியையின் வேலை.

ஏழாவது கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.

தங்கள்,
நாத்தனார்


ஜூன் 11

பட்டாசு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. எழுதிப் பார்த்தேன், கை மறக்கவில்லை.

இந்தத் தடவை உன் அண்ணன் உறையைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். “யாருகிட்டேருந்து?” என்றார். “டிரைவிங் ஸ்கூல்லேருந்து. எனக்கு ஏழாவது கிளாஸ் பாக்கி இருக்கு” என்றேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நினைவில்லையாம். முழுதாகச் சொல்லி நினைவுபடுத்தினேன், புரையேறியது உட்பட. “ஏன் அப்பவே சொல்லல?” என்றார். “இப்பச் சொல்றேன்ல” என்றேன். சாயங்காலம் தானாகவே கடைக்கு வந்து ஷட்டரை இறக்கினார்.

இரண்டு மாதம் நான் எழுதாததற்குச் சீருடை காரணம் இல்லை. நீ டாக்டரிடம் போய் வந்ததைப் படித்தபோது, எனக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் என்று தோன்றிவிட்டது. உன் மேல் பொறாமையாக இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் தேவைப்பட்டது.

பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பதினொரு மணிக்கு வெள்ளைக் காரை எடுத்து வை. ஜூனியர் வேண்டாம், நீ உட்கார். எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது, கண்ணாடி மாற்றியிருக்கிறேன், கிளச் எந்தக் கால் என்பதே மறந்துவிட்டது. மேம்பாலம் வேண்டாம். முதலில் அந்தச் சிக்னல் வரைக்கும் போய் வருவோம்.

உன் காலை பிரேக்கிலிருந்து எடுக்க வேண்டாம். பயமாக இருந்தால் மிதித்துக்கொள். நான் இறங்கிப் போகமாட்டேன்.

அண்ணி