உலக முடிவில் ஓர் அரைப் பேர்

விடியும் முன்னே என் கதவைத் தட்டி எழுப்பிவிட்டு, எனக்கு முன்னால் மலையேறிப் போய்விடும் எஸ்தர் மதினிக்கு,

நாத்தனார் பாக்கியம் எழுதுகிறேன். அண்ணன் சுகம். உங்கள் கைப் பிளேன்டீக்குப் பழகிய வாய், நான் ஊற்றிக் கொடுப்பதைக் குடித்துவிட்டுக் கோணிக்கொள்கிறது. போகட்டும், அதற்குமேல் அந்த மனுசனுக்கு நான் என்ன செய்ய?

மேல்மலை பாதி காடாகிவிட்டது. நாம் தேயிலைக் கொழுந்தெடுத்த இடத்தில் இப்போது சிறுத்தை படுத்திருக்கிறதாம். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கும் யாரும் வருவதில்லை. எந்த மலையில் வேலை என்று முந்தின நாளே போனில் வந்துவிடுகிறது. இதைக் கேட்டால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் காது தவிக்கிறது.

உங்கள் மகள் ரூத் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஏதோ ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாளாம். வந்த அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, நீங்களும் ஜெபத்துக்கு வாங்க. கடைசி நாள்ல உங்களை விட்டுட்டுப் போயிருவாங்க. அப்புறம் அம்மாவப் பாக்கவே முடியாது" என்றாள். பாசத்தில்தான் சொன்னாள், எனக்குத் தெரியும்.

திருநீற்றை அழிக்க என்னால் முடியாது, மதினி. என் ஆத்தா என்னை மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டுத்தான் பிழைக்கவைத்தாள். அப்படியென்றால் உங்களை நான் இனிப் பார்க்கவே மாட்டேனா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

இந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. கொட்டகலைக் கடைவீதியில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் லயத்து வீட்டுக் காம்பராவில் படம் போடுவோமே, அன்றைக்குப் பிடித்தது. தமிழ்ப் படம் தீர்ந்துபோனால் கடைக்கார நானா ஏதாவது இங்கிலீஷ் பேய்ப் படத்தைத் தலையில் கட்டிவிடுவார். அதிலும் உலக முடிவுப் படம் என்றால் லயமே திரண்டுவிடும்.

இங்கிலீஷ் எங்களுக்குத் தெரியாது, உங்களுக்கும்தான் தெரியாது. ஆனால் உபதேசியார் மகளாயிற்றே, வெளிப்படுத்தின விசேஷம் முழுக்க மனப்பாடம். டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வேதத்திலிருந்தே படத்துக்குக் கதை சொல்வீர்கள். அதுவும் தோட்டத்துப் பாஷையில். தேவதூதன் எக்காளத்தைத் தூக்கினால், "ஸ்டோர் சங்கு ஊதிருச்சு, இனிமே எல்லாருக்கும் பெரட்டுதான்" என்பீர்கள். நியாயத்தீர்ப்பு என்றால், "பேர் கூப்பிடுறாங்க, சத்தம் போடாதீங்க." ஏழு தலை மிருகம் வந்தால், "இதுதான் புதுசா வந்த சின்னத்தொரை." நடுங்கிக்கொண்டிருந்த சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒரு படம் மட்டும் என்னைச் சிரிக்க விடவில்லை. அடுப்படியில் நின்ற தாய் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போகிறாள். உடுப்பு மட்டும் தரையில் கிடக்கிறது. விசுவாசிகளை ஆண்டவர் தூக்கிக்கொண்டார், சாமி கும்பிடாத மகள் மிச்சம். அதற்குப் பிறகுதான் பேய்க்கூத்து. நிலா ரத்தமாகிறது, மனித முகம் வைத்த வெட்டுக்கிளிகள் சுவரைப் பிறாண்டுகின்றன, தாயின் குரலில் எதுவோ வந்து கதவைத் தட்டுகிறது. எல்லாரும் வெட்டுக்கிளிக்குப் பயந்தார்கள். நான் அந்த உடுப்பைப் பார்த்துத்தான் பயந்தேன்.

"மதினி, திருநீறு பூசுறவங்களுக்கும் இதே கதிதானா?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து வானத்திலிருந்து ஒரு குரல் இங்கிலீஷில் என்னவோ சொன்னது. நீங்கள் சட்டென்று, "அந்தா, தாய்க்காரி பேசுது கேளு. 'என் மக பின்னால ஏறி வந்துக்கிட்டு இருக்குங்கய்யா, பேரைப் போடுங்க'ன்னு சொல்லுது" என்றீர்கள். எனக்கு உயிர் வந்தது.

வராமல் என்ன? பெரட்டில் தினமும் எனக்காக நீங்கள் சொன்ன வார்த்தையாயிற்றே அது. தூங்குமூஞ்சி நான். எழுப்பினாலும் சேலையைச் சுற்றி, கூடையைத் தேடி, வாசல் இறங்குவதற்குள் நேரம் போய்விடும். "நீ மெதுவா வா, நான் சொல்லிக்கிறேன்" என்று முன்னால் நடந்துவிடுவீர்கள். கணக்கப்பிள்ளை என் பேரைக் கூப்பிடும்போது கூட்டத்திலிருந்து உங்கள் குரல்தான் எழும்பும். அவர் முறைத்தால், "முழுப் பேர் போடாட்டியும் அரைப் பேராச்சும் போடுங்கய்யா" என்று அரைநாள் வேலைக்காவது என்னைச் சேர்த்துவிடுவீர்கள். மூச்சிரைக்க ஓடிவந்து உங்கள் பக்கத்துத் தேயிலை நிரையில் நிற்பேன்.

அந்தப் படத்தைத்தான் ரூத் போன ஞாயிறு போனில் போட்டாள். இப்போது அது தமிழில் பேசுகிறது. தாய் மறைந்தாள், உடுப்பு விழுந்தது, வானத்துக் குரல் வந்தது. "நேரம் முடிந்தது. கதவு அடைக்கப்பட்டது." அவ்வளவுதான் சொன்னது.

ரூத் படத்தை நிறுத்திவிட்டாள். சின்னப் பிள்ளையில் உங்கள் மடியில் உட்கார்ந்து பார்த்தவள்தானே. "அத்தை, அம்மா வேற மாதிரில்ல சொன்னாங்க?" என்றாள்.

ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கண்முன்னால் வந்து நின்றது. கடைசியாக நீங்கள் கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் நான் மட்டும்தான். என் முகத்தைப் பார்த்து, "நீ மெதுவா வா. நான் சொல்லிக்கிறேன்" என்றீர்கள். காய்ச்சலில் பழைய பெரட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்து, "சரி மதினி" என்று கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டேன். எந்தப் பெரட்டைச் சொன்னீர்கள் என்பது இந்த மரமண்டைக்கு இப்போதுதான் ஏறியது.

அதை ரூத்திடம் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். "அம்மா சொன்னா கேப்பாங்கள்ல, அத்தை?" என்றாள். "கணக்கப்பிள்ளையே கேட்டாரு, கடவுள் கேக்கமாட்டாரா?" என்றேன். பேச்சு துடுக்காகத்தான் வந்தது, பயம் மட்டும் போகவில்லை. உங்களைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது, மதினி. இதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இந்த முறை தூங்கமாட்டேன். சங்குச் சத்தம் கேட்டதும் கிளம்பிவிடுவேன். நெற்றியில் திருநீற்றோடுதான் வருவேன், ஏறி வரக் கொஞ்சம் சுணங்கும், காலும் முன்னைப் போல் இல்லை. என் பேரைக் கூப்பிடும்போது நீங்கள் குரல் கொடுங்கள். அவர் முறைத்தால் வாதாடவேண்டாம். முழுப் பேர் யாருக்கு வேண்டும்? உங்கள் பக்கத்து நிரையில் நிற்க அரைப் பேர் போதும்.

பின்னால் ஏறி வந்துகொண்டிருக்கும்
உங்கள் நாத்தனார்,
பாக்கியம்