பின்சீட்டுக் கிளி

மே 14, வியாழன். மாமல்லபுரம்.

கத்திரி வெயில். காரில் ஏசி அவுட்.

முதலில் ஒரு உண்மை. யாரும் படிக்காத இடம் என்பதால் சொல்லி வைக்கிறேன். இன்று காரில் வாந்தி எடுத்தது கவின் இல்லை. நான். கேளம்பாக்கம் ரோட்டில், சீட்டுக்கடியில் குனிந்து பிஸ்கட் பாக்கெட் தேடும்போது. அதுவும் அவனுடைய மணல் வாளியில். பழியைத் தூக்கி நாலு வயதுப் பிள்ளை மேல் போட்டேன். "ஐயோ பாவம், கொழந்தைக்கு ஒத்துக்கல." ஓட்டிக்கொண்டிருந்த அவன் அம்மா சுதா திரும்பாமலே, "ரெண்டு இட்லியோட நிறுத்துன்னு சொன்னேனா இல்லியா?" என்று அவனைத் திட்டினாள். கவின் வாயே திறக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். இதற்கு விலை உண்டு. ஐம்பது வயதில் இது எனக்குத் தேவையா.

காரில் இருப்பவர்கள்:
சுதா, என் தம்பி குமரனின் மனைவி. டிரைவர்.
ரோஷ்ணி, மூத்தது, ஏழு வயசு.
கவின், மேற்படி நிரபராதி.
நான். குமரனின் அக்கா, பின்சீட்டுப் பொழுதுபோக்கு இலாகா.

விசேஷம்: ஞாயிற்றுக்கிழமை செய்யூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கவினுக்கு மொட்டை, காதுகுத்து. அதற்கு முன் பிள்ளைகளுக்கு முட்டுக்காட்டில் படகு, இங்கே கடல். குமரனுக்கு ஃபேக்டரியில் லீவு இல்லையாம். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து நேரே செய்யூருக்கு வருவான்.

என் வீட்டுக்காரர் வரவில்லை. டிவியில் மேட்ச். இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

மறைமலைநகரில் கிளம்பும்போது குமரன் காரைக் கழுவித் துடைத்து, காற்றுப் பார்த்து, ஸ்டெப்னி மாற்றுவது எப்படி என்று சுதாவுக்குப் பாடமே நடத்தினான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் தூக்காதவன். "இன்னாடா, காரைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றேன். சிரிக்கவில்லை. அது பழக்கம்தான். ஆபீஸ் ஆண்டு விழாவில் நான் ஹாஸ்யம் பேசியபோது கடைசி வரிசையில் குறட்டை விட்டவன் அவன். ஆனால் கவினை இறக்கிவிடாமல் தூக்கிக்கொண்டே நின்றான். பிள்ளை நெளிந்தும் விடவில்லை.

வழியில் முயற்சி செய்தவை: கதை (கவின் நடுவில் வில்லனாகிவிட்டான்), பாட்டுக்குப் பாட்டு (அவனுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு), லாரி எண்ணுதல் (ஜன்னல் சீட்டுக்கு அடிதடி). தூரம் என்னவோ கொஞ்சம்தான். கவின் கூட இருந்தால் காசிக்குப் போவதுபோல் இருக்கிறது.

கடைசியில் மூளை வேலை செய்தது. கிளி ஜோசியம்! ரோஷ்ணியின் படச் சீட்டுகள்தான் ஜோசியச் சீட்டு. என் பச்சைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் கிளி. நான் ஜோசியக்காரி. கவின் ராசா. "ராசா வந்துகீறாரு, கிளியம்மா! வெளிய வந்து ஒரு சீட்டு எடு!" கிளி கூண்டிலிருந்து, அதாவது முன்சீட்டுக்குப் பின்னால் இருந்த சந்திலிருந்து, தத்தித் தத்தி வந்து வாயால் ஒரு படத்தைக் கவ்வி, ரோட்டில் அடுத்து என்ன வரும் என்று சொல்ல வேண்டும். கூலி ஒரு வேர்க்கடலை.

தக்காளிப் படம் வந்தது. "செவப்பு வண்டி வரும்." வளைவு திரும்பினால் தீயணைப்பு வண்டி! சுதாவே கைதட்டினாள், ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு.

மாமல்லபுரம் நெருங்கும்போது பட்டாம்பூச்சிப் படம். "நாய் செத்துக் கெடக்கும்."

கிடந்தது.

"அண்ணி, வேற எதுனா வெளையாடுங்க," என்றாள் சுதா.

மே 15, வெள்ளி. மாமல்லபுரம்.

காலையிலேயே அனல். கவின் ஐஸ்கிரீம் கேட்டான். வாங்கிக் கொடுத்தேன். இன்னொன்று கேட்டான். அதையும். பிளாக்மெயிலுக்கு வயசு வரம்பு இல்லை.

லாட்ஜில் பக்கத்து அறையில் ஒரு குடும்பம். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று டேப். சிலைபோல் உட்கார்ந்திருக்கின்றன. பல்லவன் கண்ணில் பட்டிருந்தால் செதுக்காமல் விட்டிருப்பான். அந்த அப்பா போனில்: "சார்ஜ் தீந்துச்சின்னா நம்ம கத முடிஞ்சிது மச்சான்." பொறாமையாக இருந்தது.

மணலில் உட்கார்ந்து நானும் சுதாவும் ஊர் வம்பு. சுற்றிச் சுற்றிக் குமரனிடம் வந்து நின்றது. மஸ்கட் வேலைப் பேச்சு. "ஏஜென்ட்டு போன் பண்ணிக்கினே இருந்தான் அண்ணி. ஒரே பேஜாரு. நான் ஒரே வார்த்ததான் சொன்னேன். போனா அப்படியே போயிடு, திரும்பி இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத. அதோட வுட்டுட்டாரு."

நல்லது செய்தாய் என்றேன். மனசுக்குள் வேறு. என் தம்பியைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவன் எதையும் விட்டதில்லை. அதைப் பற்றிப் பேசுவதை மட்டும் விட்டுவிடுவான்.

மதியம் கவின் தூங்க மறுப்பு. கார் ஓடினால்தான் ராசா கண்ணை மூடுவார். அதனால் காரணமே இல்லாமல் ஈசிஆர் ரோட்டில் மேலும் கீழும் ஓட்டம். பெட்ரோல் போட்டுத் தாலாட்டு. தூங்குவதற்கு முன் ஒரே ஒரு சீட்டு வேண்டும் என்றான். சரி, கிளியம்மா, வா.

குடைப் படம் எடுத்தாள். படத்தைப் பார்க்கவே இல்லை.

"காதுகுத்துக்கு அப்பா வரமாட்டாரு."

கண்ணாடியில் சுதாவின் கண். "இன்னாடி சொன்ன?" கிளி துப்பட்டாவை முகம் வரை இழுத்துக்கொண்டு கூண்டுக்குள் போய்விட்டது. கடலை கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அது வரை ஒரு கடலையை விட்டுக்கொடுத்ததில்லை.

சுதா சவுக்குத் தோப்பு ஓரம் வண்டியை நிறுத்திவிட்டாள். போன மாதம் அவன் ஃபேக்டரியில் ஒருவனுக்கு பிரஸ் மெஷினில் விரல் போயிற்று. அதை நினைத்துக்கொண்டாள் போல. போன் போட்டாள். எடுத்தான். ஸ்பீக்கரில் பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"வரேன்டி. ஞாயித்துக்கெழம காலைல அங்க நிப்பேன்."

"பாத்து வேல செய்யி."

"சரி. பசங்க இன்னா பண்ணுதுங்க?"

சிரித்துக்கொண்டே காரை எடுத்தோம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஒன்றுகூட உண்மையில்லை. தோப்பில் காற்று ஊளையிட்டது. கவின் தூங்கிவிட்டிருந்தான். ரோஷ்ணி தூங்குவதுபோல் இருந்தாள்.

மே 16, சனி. செய்யூர்.

தெற்கே இருட்டிக்கொண்டு வருகிறது, மழை இல்லை. புழுக்கம். பாலாற்றுப் பாலம் முழுக்க மணல் காற்று.

கிளி ஜோசியத்துக்குத் தடை. உத்தரவு என்னுடையது. அதற்குப் பதில் ஆடு பார்க்கும் ஆட்டம். முதலில் ஆட்டைப் பார்க்கிறவருக்கு மிட்டாய். கவின் நாயை, மாட்டை, ஒரு சாமியாரைக் காட்டி மூன்று மிட்டாய் வாங்கிவிட்டான். ரோஷ்ணி ஆடவில்லை. ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு வந்தாள். "வாந்தி வருதாடி?" என்றேன். அந்த விஷயத்தில் அனுபவசாலி நான். இல்லை என்று தலையாட்டினாள்.

குமரன் போன் காலையிலிருந்து ஸ்விட்ச் ஆஃப்.

"ஷிப்ட்ல லாக்கர்ல வெச்சிருப்பாரு அண்ணி."

"ஆமா ஆமா."

கூவத்தூரில் மறுபடி போட்டாள். ஆஃப். "சார்ஜ் இருக்காது." "ஆமா ஆமா." பிறகு அவள் காரணம் சொல்லவில்லை. நானும் ஆமா போடவில்லை.

டீக்கடையில் பால் வாங்க சுதா இறங்கினாள். ஜாதகம் பார்க்கிறவர்களைக் கிண்டலடித்து மேடையில் கைதட்டு வாங்கினவள் நான். அந்த வாயால், கூச்சமில்லாமல், ரோஷ்ணியின் காதோடு கேட்டேன். "கிளியம்மா, அப்பா எப்ப வருவாரு?"

சீட்டு எடுக்கவில்லை. துப்பட்டாவும் இல்லை.

"ரெண்டு தீபாவளி கழிச்சி."

சுதா பால் டம்ளரோடு வந்து, "இன்னா அண்ணி, பேயறைஞ்ச மாரி கீறீங்க?" என்றாள். வாயு என்றேன். எனக்கு நடக்கும் எதற்கும் வாயுதான் காரணம் என்பதால் நம்பினாள்.

சுதாவின் அண்ணன் சேகர் வீடு இங்கேதான். நாளைக்குக் கவின் அவன் மடியில்தான் உட்கார வேண்டும். வாசலிலேயே, "எங்க மச்சான்? பஸ்ல தூங்கி பாண்டிச்சேரிக்குப் போயிட்டாரா?" என்று சிரித்தான். சாயங்காலம் பைக் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனான். வந்த பஸ்ஸையெல்லாம் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பினான். அப்போது சிரிக்கவில்லை. சுதாவுக்குப் பூ வாங்கி வந்திருந்தான், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் டிவி மேல் வைத்தான்.

மே 17, ஞாயிறு. செய்யூர்.

மொட்டை ஆயிற்று. கவின் போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் காலி. சந்தனம் தடவினதும் கண்ணாடி கேட்டுப் பார்த்து, "இது யாரு?" என்றான். எல்லாரும் சிரித்தோம். சுதா சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புழுதி கிளம்பினால் கழுத்து நீளும். பால்காரர். உர மூட்டை ஏற்றின டெம்போ. யாரோ ஒரு கல்யாணக் கோஷ்டி.

ஆசாரி கம்பியோடு உட்கார்ந்திருந்தார். பூசாரி, "அப்பங்காரன் எங்கம்மா? நல்ல நேரம் போய்க்கினே கீது," என்றார்.

"வந்துகினு கீறாரு," என்றாள் சுதா.

அப்போது அவள் போன் அடங்கிய குரலில் ஒரு சத்தம் போட்டது. புது நம்பர். வாய்ஸ் மெசேஜ். கொஞ்சம் தள்ளிப் போய்க் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு என் கையில் கொடுத்தாள். குமரன் குரல்.

"சுதா, நான்தான். நேத்தே மஸ்கட் வந்து எறங்கிட்டேன். இப்பதான் சிம்மு கெடச்சிது. சொன்னா வுடமாட்டேன்னுதான்... ரெண்டு வருஷம்தான் சுதா. திட்டணும்னா திட்டு. கவின் காதுகுத்த சேகர வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு."

நான் நிமிர்வதற்குள் அவள் ஆசாரி முன்னால் போய் நின்றிருந்தாள்.

"குத்துங்க."

கவின் மாமா மடியில் உட்கார்ந்து "அப்பா" என்று கத்தினான். வலிக்கு எல்லாப் பிள்ளைகளும் அம்மா என்றுதான் கத்தும். வீடியோ யாரும் எடுக்கவில்லை.

சாப்பாடு ஆன பிறகு வேப்பமரத்தடியில் காரில் ரோஷ்ணியோடு உட்கார்ந்தேன். கதவு திறந்து சுதாவும் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். சாவி போடவில்லை.

"ஒனக்கு எப்படிடி தெரியும்?" என்றேன்.

"அப்பா சொன்னாரு. பெட்டில துணி வெச்சிக்கினு இருந்தாரு, நான் பாத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு."

"அப்பறம் ஏன் சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? கிளிதான் சொல்லுச்சி." துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே, "ரெண்டு வாட்டி சொல்லுச்சி அத்த. நீங்கதான் வேற வெளையாட்டுன்னுட்டீங்க."

சுதா திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங் மேல் இரண்டு கையும் வைத்துக்கொண்டு, ஓடாத காரை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மே 18, திங்கள். வீட்டுக்கு வந்தாயிற்று.

வெயில். டயர் நன்றாக இருக்கிறது, எல்லாம் குமரன் பார்த்த காற்று.

கோயிலிலிருந்து இது வரை சுதா அவனுக்குப் பதில் அனுப்பவில்லை. வழி முழுக்கப் பேச்சில்லை. கவின் கூட மொட்டையைத் தடவிக்கொண்டு அமைதி. செங்கல்பட்டுக்குள் நுழையும்போது சுதாதான் ஆரம்பித்தாள்.

"ரோஷ்ணி. அந்தக் கிளிய வரச்சொல்லு."

ரோஷ்ணி துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா நம்ம வூட்டுக்குத் திரும்பி வருவாரான்னு கேளு."

கிளி ரொம்ப நேரம் தேடியது. எந்தப் படம் என்று காட்டவில்லை.

"வருவாரு."

சுதா ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையைப் பின்னால் நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு கடலை. கிளி அதை வாயாலேயே எடுத்துக்கொண்டது. சுதாவின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

இப்போது வியாழனிலிருந்து எல்லாவற்றையும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். தீயணைப்பு வண்டி. நாய். அப்பா. கிளி சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை.

முட்டுக்காட்டுப் பாலத்தில் ரயில் வரும் என்றது. அடுத்த வளைவில் யானை நிற்கும் என்றது. ரோட்டில் வெள்ளம் ஓடும் என்றது. இன்னும் எத்தனையோ. எதுவும் வரவில்லை. அதையெல்லாம் நான் எழுதவில்லை.