பொடி போடாத தேநீர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கக் கூச்சமாக இருக்கிறது. அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்று எழுந்து உட்கார்ந்தாள். போனில் உன்னிடம் "சளி பிடிச்சிருக்கு" என்றேனே, அது பச்சைப் பொய்.

உன் தம்பிக்குப் பெண் கொடுக்கப்போகும் வீட்டார் போன ஞாயிறு வந்தார்கள். அந்த நரம்பு நோய் வந்ததிலிருந்து அம்மாவுக்கு விழுங்குவது கஷ்டம், தண்ணீரானாலும் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் தரவேண்டும் என்பது உனக்கே தெரியும். அவர்கள் எதிரில் அதை ஸ்பூனால் ஊட்டினால் சம்பந்தம் கைநழுவிவிடுமோ என்று பயந்தேன். பொடி டப்பாவைத் தையல் மெஷினுக்கு அடியில் ஒளித்தேன். கிழிசல் தெரியாமல் தைப்பதுதானே என் தொழில்! எல்லாரையும்போல அவளுக்கும் கப்பில் தேநீர் வைத்தேன். தயங்கினாள். "ஒரு வாய் குடி, பாக்கறாங்க" என்று காதைக் கடித்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தாள். ஒரு இருமல்கூட வரவில்லை. சமாளித்துவிட்டோம் என்று பூரித்துப் போனேன், மடையன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். குடித்தது இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்குவதுதான் ரொம்ப ஆபத்து என்றார் டாக்டர். "யார் குடுத்தது?" என்று கேட்டார். "அவளே எடுத்துக் குடிச்சிட்டா" என்றேன், வாய் கூசாமல். ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்த அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இல்லை என்று தலையைக்கூட அசைக்கவில்லை.

இப்போது, தானே எடுத்துக் குடிக்கிறவளை நம்ப முடியாது, வயிற்றில் குழாய் வைத்துவிடலாம், இனி வாய்வழியாக எதுவும் வேண்டாம் என்கிறார்கள். நாளைக் காலையில் முடிவு செய்வார்களாம். நடை போய், பேச்சும் குழறிப்போன பிறகு அவளுக்கு மிச்சமிருப்பது நாக்கு ருசி ஒன்றுதான். அதையும் என் பொய் பிடுங்கப் பார்க்கிறது.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே டாக்டரிடம் போகிறேன். உனக்கு எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது, அதனால்தான் முதலில் உனக்கு. சம்பந்தி வீட்டுக்கும் சொல்லிவிடுவேன். தம்பி கோபித்தால் கோபிக்கட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. வரும்போது என்னை வாய்க்கு வந்தபடி திட்டு. அம்மா எதிரில் மட்டும் வேண்டாம். பேச்சு குழறினாலும் எனக்காகப் பரிந்துகொண்டு வருவாள், அதை என்னால் தாங்க முடியாது.

தலைகுனிந்து,
அப்பா